பின் சீட்டில் ஐம்பத்து நான்கு கிலோ

2023 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காய்ச்சினேன். ஐந்து மணிக்கு மனைவிக்கு வலி மாத்திரை ஒன்று, அரை டம்ளர் கஞ்சி. கஞ்சியில் பாதி மிச்சம். வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பு துடைத்துவிட்டேன். ஐந்தே முக்காலுக்கு வாசலுக்குப் போய் ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் ஆயில், நான்கு சக்கரங்களின் காற்று பார்த்தேன். ஆறு மணிக்குப் பின் சீட்டில் இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டு, அதன்மேல் இரண்டு தலையணை வைத்தேன். டைரியில் அன்றைய பக்கத்தில் இவ்வளவும் இருக்கிறது. அதன் கீழே, "வெள்ளிமலை. முகூர்த்தம் 9.00 – 10.30" என்று முதல் நாளே எழுதிவைத்திருந்தேன்.

நான் நில அளவர். இருபத்தெட்டு வருடங்களாகக் கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கல் எங்கே இருக்கிறது, கோடு எங்கே போகிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. அளந்ததை உடனே எழுதவில்லையென்றால் அது அளந்ததாக ஆகாது என்று வேலைக்குச் சேர்ந்த நாளில் சொன்னார்கள். வீட்டிலும் அப்படியே பழகிவிட்டேன். என் மனைவி கல்வராயன் மலையில் பத்தொன்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். அவளும் அளப்பவள்தான். தொங்கு தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, மரக்கிளையிலோ வீட்டு உத்தரத்திலோ அதைக் கட்டி, குழந்தைகளை எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

அன்று மலைமேல் வெள்ளிமலையில் கல்யாணம் நடக்க இருந்த பெண் ஒரு கிலோ நானூறு கிராமில் பிறந்தவள். பிழைக்காது என்று ஊரே சொன்னது. அதை ஆறு வாரம் தாயின் மாரோடு சேர்த்துக் கட்டவைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்துபோய் எடை பார்த்தவள் என் மனைவி. அந்தப் பெண்ணைக் கல்யாணக் கோலத்தில் பார்க்க வேண்டும் என்றாள். நோய் வந்து ஒன்றரை வருடமாகிறது. அவளாக வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான்.

நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார முடியாது. வாடகைக் கார்களின் பின் சீட்டில் அவளால் கால் நீட்ட முடியவில்லை. எங்கள் அம்பாசிடரில் முடியும். அது 1994ஆம் வருடத்து வண்டி, வெள்ளை, பத்து வருடத்துக்கு முன் பழையதாக வாங்கியது. பின் சீட்டு கட்டில் மாதிரி. ஆனால் பள்ளத்தில் ஒரு தடவை இறங்கினால் மூன்று தடவை குதிக்கும்.

பொங்கல் கழிந்த மறு வாரம் அதைக் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் வயதுதான் அவருக்கும். டிக்கியின்மேல் இரண்டு கையையும் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு விலகி நின்றார். கார் ஆடுவதை இருவரும் பார்த்தோம்.

"மூணு ஆட்டம் ஆடுது சார். ஒரே ஆட்டத்துல நிக்கணும். ஷாக்கப்சர் நாலும் பூடுச்சி. பாருங்க, எண்ண ஒழுவிகினு கீது."

"நாலையும் மாத்திடுங்க."

"மாத்தலாம். எதப் போடறதுன்னு நீங்க சொல்லணும். எண்ண ஷாக் போட்டா மெத்துன்னு இருக்கும், ஆனா வளைவுல தொட்டில் மாறி ஆடும். கேஸ் ஷாக் போட்டா ஆட்டம் கம்மி, கெட்டியா ரோட்ட புடிச்சிகினு போவும். ஆனா பின்னாடி வெயிட்டு வேணும். வெயிட்டு இருந்தா வண்டி குந்தும், இல்லன்னா தூக்கிப் போடும்." பிறகு சாலையைப் பார்த்துச் சொன்னார்: "நியாயமா பாத்தா இந்த ரோடு போட்டவனத்தான் சார் புடிச்சி அடியில ஷாக்கப்சரா மாட்டணும்."

கரும்பு வெட்டும் மாதம். பாரம் ஏற்றிய டிராக்டர்கள் ஓடி ஓடி அந்தச் சாலை அப்படித்தான் கிடந்தது.

நான் சேலத்துக்குப் பஸ்ஸில் போய் இரண்டு வகையிலும் ஒரு செட் வாங்கிவந்தேன். கடைக்காரர் பெட்டிகளின் தூசியைத் துடைத்துக்கொண்டே, "இந்த வண்டிக்கு சாமான் கேட்டு வர்றவங்க ரெண்டு வகைதான் சார். ஒண்ணு சினிமாவுக்கு வாடகை விடறவங்க, இன்னொண்ணு எவன் தலையிலயாவது கட்டப் பாக்கறவங்க. நீங்க எதுல?" என்றார். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போக என்றேன். அவர் இரண்டு பெட்டியையும் என் பக்கம் நகர்த்தினார். எது வேண்டாமோ அதைக் கீறல் விழாமல் திருப்பித் தரலாம் என்றார்.

எது நல்லது என்று ஊகிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அளந்து பார்க்க முடிவு செய்தேன். மணப்பெண்ணின் அம்மா அறுவடை முடிந்ததும் மலையிலிருந்து ஒரு மூட்டை சாமை அனுப்பியிருந்தார். அதை மண்டிக்குக் கொண்டுபோய் எடைமேடையில் வைத்து, கொஞ்சம் குறைத்துச் சரியாக ஐம்பத்து நான்கு கிலோ ஆக்கி, வாயைச் சணலால் கட்டினேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி டைரியில் என் மனைவியின் எடை அதுதான். கடைசியாக எழுதிய எடையும் அதுதான்.

அதற்கு முன் டைரியின் கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் எழுதிவந்தேன். அறுபத்தொன்று, அறுபது, ஐம்பத்தெட்டு. அக்டோபரில் ஐம்பத்து நான்கு என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், இனிமே எழுதாதீங்க."

"டாக்டர் கேப்பாரும்மா."

"கேட்டா அவரே பாத்துக்கட்டும். எத்தினி அட்டையில நான் கோடு போட்டிருக்கேன். இந்தக் கோடு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா? அத உங்க கையெழுத்துல வேற பாக்கணுமா?"

எடை பார்க்கும் மிஷினை நானே அலமாரிக்கு மேலே தூக்கிவைத்தேன். அதன் பிறகு அவள் எடை எங்கள் வீட்டில் பேச்சில் வரவில்லை. ஐம்பத்து நான்கிலேயே நின்றுவிட்டது.

மூட்டையைப் பின் சீட்டில் ஏற்ற மெக்கானிக்கும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் பக்கத்தில் வாய் அகலமான சொம்பு ஒன்றை வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். முதலில் எண்ணெய் ஷாக்கை மாட்டி, கச்சிராயபாளையம்வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்த் திரும்பினோம். வந்ததும் மருந்து ஊற்றும் குப்பியால் மிச்சத் தண்ணீரை அளந்தேன். மறுநாள் அதே நேரத்தில், அதே வேகத்தில், கேஸ் ஷாக். எண்ணெய் ஷாக்கில் பாதிக்கு மேல் சிந்தியிருந்தது. கேஸ் ஷாக்கில் கால் பங்குகூடச் சிந்தவில்லை. வளைவுகளில் மூட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக் சொம்பை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தண்ணி வேற சார், ஆளு வேற. ஒரு தபா அம்மாவ ஒக்கார வச்சி ஓட்டிப் பாத்துடுங்களேன்."

"வேண்டாங்க. அவள சும்மா அலைய வைக்க முடியாது. ஒரே தடவ, கல்யாணத்து அன்னிக்கி மட்டும்."

"அம்மா வெயிட்டு சரியா தெரியுமில்ல?"

"அம்பத்தி நாலு. எழுதியிருக்கேன்."

"எழுதியிருந்தா சரி சார்."

அந்த வாரங்களில் தினமும் இரண்டு முறை அவளைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். நான் ஒருவனே தூக்கினேன். மூட்டைக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறைகூட நான் பார்க்கவில்லை. கைக்குத் தெரிந்தது டைரியில் இல்லை. டைரியில் இருந்ததை நான் நம்பினேன்.

எண்ணெய் ஷாக்கைத் துடைத்துப் பெட்டியில் போட்டு வைத்தேன். கல்யாணம் முடிந்து சேலம் போகும்போது திருப்பிக் கொடுக்கலாம் என்று.

வெள்ளிக்கிழமை ஆறு நாற்பதுக்குக் கிளம்பினோம். அவள் மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை வேண்டுமென்று கேட்டாள். முந்தைய வருடத்து ரவிக்கை பெரியதாக இருந்ததால் பின்பக்கம் இரண்டு ஊக்கு குத்திவிட்டேன். அப்போதாவது யோசித்திருக்கலாம். ஊக்குகள் வெளியே தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டாள். அதில் மணப்பெண்ணுக்கு ஒரு புடவையும், அந்தப் பெண்ணின் பழைய எடை அட்டையும் இருந்தன. பிளாஸ்டிக் உறை போட்டு இத்தனை வருடம் அவள் வைத்திருந்த அட்டை.

ஊரைத் தாண்டும்வரை பனிமூட்டம். புதிதாகத் தார் போட்ட இடத்தில் கார் நன்றாகத்தான் போனது. அவள் மெத்தையில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"இன்னா, கல்யாண வண்டி மாறி ஓட்டறீங்க?"

"முப்பதுலதான் போறேன்."

"அதான் சொல்றேன். சைக்கிள்காரன் தாண்டிகினு போறான், பாருங்க."

கரும்பு டிராக்டர்கள் ஓடிய பகுதி வந்ததும் பேச்சு நின்றது. முதல் பள்ளத்தில் பின்பக்கம் 'தட்' என்று மேலே எழும்பியது. ஆட்டம் இல்லை. மெக்கானிக் சொன்னதுபோல ஒரே அடிதான். ஆனால் அந்த ஓர் அடி முழுதும் மேலே போயிற்று. கண்ணாடியில் அவள் முகம் சட்டென்று உயர்ந்து மறுபடி தெரிந்தது. நான் வேகத்தை இருபதுக்குக் குறைத்தேன். அடுத்த பள்ளத்திலும் அப்படியே. கேட்டேன். ஒன்றுமில்லை, போங்க என்றாள். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகும் இரண்டு வளைவு ஏறினேன். மூன்றாவது வளைவில் மழைக்கு அரித்த இடம். சக்கரம் விழுந்து எழுந்ததும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல் இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். பின் கதவைத் திறந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"ஏங்க, எனக்கு மேல போவணும்னு இருக்குது. முதுவுக்கு இல்ல."

"பத்துல ஓட்டறேன். நடக்கற வேகத்துல போலாம்."

"இன்னும் எத்தினி வளைவு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நடந்து ஏறுனவ நான்." கண்ணைத் திறந்து, "திருப்புங்க" என்றாள்.

அங்கே திருப்ப இடமில்லை. மேலிருந்து வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றபோது கீழேயிருந்து ஒரு சரக்கு வேன் வந்தது. பின்னால் முழுக்க ஆட்கள், நடுவில் ஓர் ஆட்டுக்குட்டி. மல்லிகையும் சிரிப்பும். ஒரு பெண் எங்கள் காரைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"டேய் நிறுத்து, நிறுத்து! நர்ஸம்மா காருடா!"

அவர் மணப்பெண்ணின் சித்தி. கல்யாணம் செய்து கீழே கச்சிராயபாளையம் பக்கம் வந்துவிட்டவர். குதித்து இறங்கி ஓடிவந்தார்.

"யக்கா, இன்னாத்துக்கு நட்டநடு ரோட்ல நிறுத்தி வச்சிகினு கீறீங்க? வண்டி மக்கர் பண்ணுதா? எங்க வண்டில ஏறிக்க, ஆட்டுக்குட்டியோட சேந்து வரலாம்..."

பேசிக்கொண்டே கதவுக்குள் குனிந்தவர் நிறுத்திக்கொண்டார். வேனில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு அமைதியானார்கள். அவர்கள் என் மனைவியைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் தினமும் பார்த்தவன். அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் நானும் திரும்பி, பின் சீட்டில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்தேன். இலவம்பஞ்சு மெத்தை அவள் உட்கார்ந்த இடத்தில் குழியவே இல்லை.

"இன்னாக்கா இது..." என்றார் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்ல. அழுது மூஞ்சிய வீங்க வச்சிகினு கல்யாணத்துக்குப் போவாத." என் மனைவி பையை நீட்டினாள். "பொண்ணு கையிலயே குடு. பொடவ அவளுக்கு. அட்டைய அவ மாப்ளகிட்ட காட்டு. ஒண்ணரைகூட இல்லாம பொறந்த பொண்ணுன்னு அவனுக்குத் தெரியட்டும்."

"இப்ப அறுவது கிலோ கீறா யக்கா. மாப்ள எங்க தூக்கப் போறான்? ஒல்லிக்குச்சி மாறி கீறான்." சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"அறுவதா?" என் மனைவி முகத்தில் அப்போது வந்த சந்தோஷம் பொய்யில்லை. "மாசி பொறந்தா நான் வர்றேன்னு சொல்லு. வந்து நானே வெயிட்டு பாக்கறேன்."

வேன்காரரே இறங்கி, மேலே இருந்த அகலமான இடம்வரை எங்கள் காருக்கு முன்னால் போய்த் திருப்ப உதவினார். வேன் போய்விட்டது. வளைவுகளில் அது ஏறும் சத்தம் சிறிது நேரம் கேட்டது. நாங்கள் இறங்கினோம். ஒன்பது மணிக்கு அணைக்குப் பக்கத்தில் இருந்தோம். முகூர்த்தம் தொடங்கும் நேரம். அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் சாய்ந்தபடி, "உங்க மேல தப்பில்ல. நல்லாத்தான் தேடிப் போட்டீங்க" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டு வாசலில் அவளை இறக்கும்போது மெக்கானிக் வந்திருந்தார். புது ஷாக் எப்படிப் போனது என்று கேட்க வந்தவர். நான் அவளை இரண்டு கையிலும் தூக்கி உள்ளே கொண்டுபோவதைச் சுவரோரம் நின்று பார்த்தார். படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, வெளியே வந்தேன். அவர் டிக்கியின்மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அழுத்தவில்லை.

"சார், அம்பத்தி நாலுன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"எப்ப பாத்தது?"

"அக்டோபர்ல."

அவர் டிக்கியிலிருந்து கையை எடுத்தார். மூன்று, நான்கு மாதத்துக் கணக்கில் பதினைந்து இருபது கிலோ குறைந்தால் ஒரு காரின் ஓட்டம் மாறிவிடுமா என்று கேட்டேன். ஏதாவது ஒரு விதத்தில் தப்பு என்னுடையது இல்லை என்று சொல்லிவிடுவார் என்ற எண்ணம் இருந்திருக்கலாம்.

"காரு அப்பிடியேதான் சார் கீது. மூட்டைக்கு வலிக்காது, அதுபாட்டுக்கு அழுத்திகினு குந்தியிருக்கும். அம்மா லேசா கீறாங்க. லேசா இருக்கறவங்கள தூக்கித்தான் போடும். நானும் கேட்டிருக்கணும், பாத்து எத்தினி நாளாச்சின்னு." குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். "நாளைக்கி பழையபடி எண்ண ஷாக்கே மாட்டிடறேன். பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பட்டையும் கழட்டிடலாம். ஆனா இந்தத் தபா வெயிட்ட சரியா சொல்லிடுங்க சார்."

அன்று மாலை டைரியில், "மூன்றாம் வளைவில் திரும்பினோம். அவள் கல்யாணத்தைப் பார்க்கவில்லை" என்று எழுதினேன். காரணம் என்ன என்று எழுத இடம் இருந்தது. எழுதவில்லை.

மறுநாள், பிப்ரவரி 4, சனிக்கிழமை. நாலரைக்கு எழுந்து, பால் வாங்கப் போவதற்கு முன்பே ஸ்டூலைப் போட்டு அலமாரிமேல் இருந்த எடை மிஷினை எடுத்தேன். தூசியைத் துடைக்கும் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"முள்ளு பூஜ்யத்துல நிக்குதா பாருங்க மொதல்ல" என்றாள்.

நிறுத்தினேன். அவளைத் தூக்கி அதன்மேல் நிற்கவைத்தேன். என் தோளைப் பிடித்திருந்தாள்.

"புடிச்சிகினு நின்னா தப்பா காட்டும். கைய எடுக்கறேன், சட்டுனு பாத்துக்கோங்க."

கையை எடுத்தாள். முள் ஆடி நின்றது. பார்த்தேன். அவள் சாய்வதற்கு முன் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தேன்.

"எவ்ளோ?"

"முப்பத்தேழு."

"எழுதுங்க."

பழைய டைரியின் கடைசிப் பக்கத்தை எடுத்து, அக்டோபர் ஐம்பத்து நான்குக்குக் கீழே நவம்பர், டிசம்பர், ஜனவரிக்கு மூன்று வரி விட்டுவிட்டு எழுதினேன். அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

"பதினேழு. மூட்டையில அவ்ளோ எடுத்துடுங்க. இந்த தபா சரியா பாத்து மாட்டுங்க, மாசி பொறந்ததும் போவணும்."

கூடத்து மூலையில் இருந்த மூட்டையின் சணலை அவிழ்த்தேன். சமையலறையிலிருந்து பெரிய குண்டானை எடுத்துவந்து மிஷின்மேல் வைத்து, படியால் சாமையை அள்ளி அள்ளி அதில் போட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டான் விளிம்புவரை நிறைந்தது. அதன் எடை போகப் பதினேழு வரவில்லை. குளியலறைக்குப் போய் வாளியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து எடுத்துவந்தேன்.